குதிகால் படாமல் ஓடியவர்

உயரத் தொப்பியும் காக்கி அரை டிராயருமாக வருவார் அந்தப் போலீஸ்காரர். இடது முட்டியில் எப்போதும் ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருப்பார். விழுப்புரம் சந்தையில் திருடனைத் துரத்தும்போது, சுடுமணலில் ஓடுகிறவரைப் போல, குதிகால் தரையில் படாமல் சின்னச் சின்ன எட்டாக வைத்து ஓடுவார்.

ஒருநாள் ஒரு பிக்பாக்கெட்டை என் வேர்க்கடலைக் கடை வாசலில் மடக்கி, லத்தியால் வெளுத்து வாங்கினார். ஒரு பல் தெறித்து, வறுத்த மல்லாட்டைக் குவியலில் ரத்தத்தோடு விழுந்தது. "போதும் ஏட்டையா, செத்துடுவான்" என்று அவர் கையைப் பிடித்தேன்.

என்னை உதறிவிட்டு, கீழே கிடந்தவனின் குதிகாலை லத்தியால் தட்டினார்.

"ஏன்டா, இத்த ஊனிக்கினு ஓடுறியே, முட்டி என்னாத்துக்கு ஆவும்? எனக்கு அப்படித்தான் போச்சு. முன்னங்கால்ல ஓடு. எட்டு சின்னதா வை."

சொல்லி முடித்ததும் மறுபடி அடித்தார்.

ஆறு மாதம் கழித்து அதே ஆள், நான் கழற்றி வைத்திருந்த கைக்கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். குதிகால் தரையில் படவே இல்லை. பாதிச் சந்தைவரை துரத்திய போலீஸ்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"போறான் ஏட்டையா, பிடிங்க!" என்று கத்தினேன்.

"இருய்யா" என்றார், அவன்மீதிருந்த கண்ணை எடுக்காமல். "எப்படி ஓடுறான் பாரு."