செண்பகத்தின் சிவப்பு அட்டைகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் செண்பகத்தின் யூனிபார்ம் கோட்டைத் துவைப்பது வசந்தகுமார். வாரத்தில் ஆறு நாள் மெஷின் எண்ணெய் குடித்த நீலக் கோட்டு அது. வெறும் சோப்புக்கு அசையாது. கறையில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, அப்புறம் கல்லில் விரித்து பிரஷ் போட வேண்டும். கும்மிடிப்பூண்டி பைபாஸில் பஞ்சர் கடை வைத்திருப்பவனுக்கு எண்ணெய்க் கறையின் குணம் தெரியும். அதனால் அவள் வேலைக்குப் போன முதல் மாதமே அந்தத் துவைப்பு வேலை அவன் பக்கம் வந்துவிட்டது. பக்கத்துப் போர்ஷன் குப்பம்மாளுக்குத்தான் ஏழு வருஷமாகியும் அது பழகவில்லை.

"பொண்டாட்டி சட்டைய தொவைக்கிறதுக்குன்னே ஞாயித்துக்கெழம கடைய சாத்துறியாப்பா?"

"உம் புருசன் சட்டையும் குடுக்கா, சேத்துத் தொவைச்சிடறேன்."

ஊறவைப்பதற்கு முன் அவன் பைகளைத் துழாவுவான். வழக்கமாக மூன்று நான்கு சிவப்பு அட்டைகள் வரும். அன்று ஒன்றுதான் வந்தது. அட்டையின் பின்புறத்தில் பால்பாயிண்டால் நடுவே ஒரு கோடு, கோட்டுக்கு மேலே ஓர் ஆங்கிலச் சொல், கீழே இன்னொன்று. இரண்டையும் வாய்விட்டுப் படித்தால் 'வெயிட்'தான். மேலே இருப்பது காத்திருப்பது, கீழே இருப்பது எடை.

"ஒரு வாரத்துக்கு ஒண்ணுதானா?" என்றான்.

"அதுவே ஓடல" என்றாள் செண்பகம். வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

அவள் கீரையில் கண்ணாக இருந்ததற்குக் காரணம் அவனுக்குத் தெரியும். திங்கட்கிழமை பத்து மணிக்குப் பெர்சனல் ஆபீசரின் அறைக்குப் போய் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சனிக்கிழமை ஷிப்ட் முடிகிற நேரத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். போட்டால் ஒன்றாம் தேதி வரப்போகிற பர்மனென்ட் லிஸ்டில் அவள் பெயர் இருக்கும் என்றும் சொல்லியிருந்தார்கள். ஏழு வருஷமாக அவள் கான்ட்ராக்ட்.

திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் நெல் வைத்திருந்த ராஜமாணிக்கத்தின் மூன்றாவது பெண் செண்பகம். பத்தாம் வகுப்பு தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் முப்பத்தெட்டு மார்க். அந்த மூன்று மார்க் உபரி எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. கல்யாணமாகி கும்மிடிப்பூண்டி வந்து, குழந்தை பூமிகாவுக்கு மூன்று வயதானதும், சிப்காட்டுக்குள் தகட்டுப் பாகங்கள் அடிக்கும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பெண்ணாகச் சேர்ந்தாள். கண் கூர்மை. பீஸைக் கையில் வாங்கும்போதே பிசிறு எங்கே என்று விரல் போய் நிற்கும். ஒரே வருஷத்தில் அவளை செக்கராக்கினார்கள்.

செக்கர் வேலையின் சட்டம் ஒன்றுதான். சரியில்லாத பீஸிலோ, சரியில்லாத மெஷினிலோ சிவப்பு அட்டையை நூலால் கட்டி, காரணம் எழுதி, கையெழுத்தும் நேரமும் போட வேண்டும். கட்டியவர்தான் அதை அவிழ்க்கலாம். மேனேஜராக இருந்தாலும் கை வைக்கக் கூடாது. நுழைவாசல் போர்டிலேயே எழுதி மாட்டியிருந்தார்கள்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஐ.எஸ்.ஓ. தரச் சான்று வந்தது. வெளியூர் ஆடிட்டர்கள் வந்து பார்ப்பார்கள், ஆகவே ரிஜிஸ்டர் எல்லாம் ஆங்கிலத்தில்தான் என்றார்கள். அதுவரை தமிழில் கோடு பிசகாமல் எழுதிக்கொண்டிருந்த செண்பகம், முதல் நாள் ஆங்கிலத்தில் நாற்பது பீஸ் வேஸ்ட் என்று எழுதினாள். மறுநாள் காலைக் கூட்டத்தில் ஷிப்ட் சூப்பர்வைசர் துளசிராமன் அதை எடுத்துப் படித்தான். காதுக்கு இரண்டும் வேஸ்ட்தான். ஆனால் இவள் எழுதியிருந்தது கழிவு அல்ல, இடுப்பு. நாற்பது பீஸ் இடுப்பு. அவன் தன் இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். ஆண்களும் பெண்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். அன்றிலிருந்து கம்பெனியில் அவள் பெயர் இடுப்பு. கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவன்கூட, "இடுப்பக்காவுக்கு ஒரு கரண்டி" என்பான்.

ஆனால் அவள் அன்று மாலையே ஸ்கிராப் தொட்டியில் கிடந்த பழைய சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து, பின்பக்கம் அந்த இரண்டு சொற்களையும் எழுதிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த நாள் இன்னொன்று. நிறுத்துவது ஒரு பிரேக், உடைவது ஒரு பிரேக். இரும்பு ஒரு ஸ்டீல், திருட்டு ஒரு ஸ்டீல். ஓட்டை ஒரு ஹோல், முழுசு ஒரு ஹோல். ஏற்றுக்கொள்கிற அக்செப்டுக்கும் தவிர்க்கிற எக்செப்டுக்கும் வாயில் கொஞ்சம்தான் வித்தியாசம், செக்கருக்கோ அது தலை போகிற வித்தியாசம். அந்த அட்டையை இரண்டு வாரம் பையில் வைத்திருந்தாள். வீட்டுக்கு வரும் அட்டைகளை வசந்தகுமார் நனையாமல் எடுத்துக் கம்பியில் கோத்து அடுப்படி ஆணியில் மாட்டுவான். ஐந்து வருஷத்தில் கம்பி மூன்றாகிவிட்டது. பூமிகா பள்ளிக்கூடப் பரீட்சைக்கு அதைத்தான் புரட்டுவாள். லாரிக்காரர்கள் யாராவது கடையில் ஆங்கிலத்தில் போர்டு எழுதச் சொன்னால் வசந்தகுமாரும் ஒரு தடவை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவான்.

இது எதையும் அவள் கம்பெனியில் மறைக்கவில்லை. டீ நேரத்தில் மற்ற பெண்கள், "இன்னிக்கு இன்னாக்கா ஜோடி?" என்று கேட்பார்கள். அவளும் சொல்வாள். ஆனால் பட்டப்பெயர் மட்டும் போகவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை. தகட்டை அழுத்தி வெட்டும் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் இரண்டு பச்சைப் பட்டன்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல்பாரம் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் உள்ளே மாட்டாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. அன்று இடது பட்டன் அமுங்கினால் எழுந்து வராமல் ஒட்டிக்கொண்டிருப்பதைச் செண்பகம் பார்த்தாள். அப்படி ஒட்டினால் வலது பட்டன் ஒன்றுக்கே பாரம் இறங்கிவிடும். ஒரு மணி நாற்பதுக்குக் கைப்பிடியில் சிவப்பு அட்டை கட்டினாள். ரிஜிஸ்டரில் ஆங்கிலத்தில் எழுதினாள்: நாலாம் பிரஸ், இடது பட்டன் ஒட்டுகிறது, ஓட்டக் கூடாது. இரண்டாம் ஷிப்டுக்கு வந்த துளசிராமன் படித்துவிட்டு, இரண்டு ஐந்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டான். அவள் வீட்டுக்குப் போனாள்.

மாலை ஐந்து மணிக்கு அந்த பிரஸ்ஸில் மணியம்மாளின் இரண்டு விரல்கள் போயின.

மறுநாள் காலை செண்பகம் மெஷினைப் போய்ப் பார்த்தாள். அட்டை இல்லை. நூலின் முடிச்சு மட்டும் கைப்பிடியில் இருந்தது. யாரும் அவிழ்க்கவில்லை, அறுத்திருந்தார்கள்.

மணியம்மாள் ஆரம்பாக்கத்துக்காரி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். ஆஸ்பத்திரியில் அவள் அழுததைவிடக் கோபப்பட்டதுதான் அதிகம். அவள் அஜாக்கிரதையாகக் கையை விட்டாள் என்று எழுதி, வேலையை விட்டு நிறுத்த விசாரணை வைத்திருந்தார்கள்.

"பீஸ எடுக்க கைய உடாம கால உட்றதாக்கா?" என்றாள். "ரெண்டு பட்டனும் அமுக்காம எறங்காதுன்னுதான நம்பிக்கினு இருந்தேன்." பிறகு கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "நீ எழுதுனது இருக்குதுல்ல?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்று செண்பகம் சொல்லிவிட்டு வந்தாள். அந்த எழுத்து இருக்கிறவரை மணியம்மாளை அனுப்ப முடியாது. அதனால்தான் திங்கட்கிழமை தாள்.

வசந்தகுமார் கோட்டைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு ஈரக் கையோடு வந்து படியில் உட்கார்ந்தான்.

"போடலன்னா கேட்டாண்டயே நிறுத்திடுவான், செண்பா."

"தெரியும்."

"நான் போடுன்னும் சொல்லல, போடாதன்னும் சொல்லல."

"நீ ஒண்ணும் சொல்லாத" என்றாள் அவள். "கோட்டு நாளைக்குள்ள காயுமா, அத சொல்லு."

காய்ந்துவிட்டது. திங்கட்கிழமை பத்து மணிக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போனாள். பெர்சனல் ஆபீசர் ஆதிகேசவன் நாற்காலியைக் காட்டி, "உக்காரும்மா" என்றார். ஏழு வருஷத்தில் அந்த அறையில் யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை. உட்கார்ந்தாள். ஜன்னல் ஓரத்தில் துளசிராமன் நின்றிருந்தான். மேஜையில் ஒரு பக்கத் தாள், ஆங்கிலத்தில் டைப் அடித்தது. ஃபைலில் கோப்பதற்கு ஓரத்தில் இரண்டு துளைகூடப் போட்டு வைத்திருந்தார்கள். கையெழுத்து வர வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி.

பெரிய விஷயமில்லை, அன்றைக்கு ரிஜிஸ்டரில் எழுதியதைப் பற்றி ஒரு சின்ன விளக்கம், அவ்வளவுதான் என்று சொல்லி ஆதிகேசவன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். செண்பகம் பேனாவை வாங்கி மேஜையில் வைத்துவிட்டுத் தாளை எடுத்தாள். படிக்கிறேன் என்றாள்.

வரிக்கு அடியில் விரல் வைத்துத்தான் படித்தாள். நேரம் பிடித்தது. ஆதிகேசவன் ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்தார். ஒரே ஒரு நீளமான வார்த்தை அவளுக்குப் புரியவில்லை. அது இல்லாமலேயே மற்றது புரிந்தது.

"எனக்கு இங்கிலீஷ் சரியா தெரியாதுன்னு எழுதிக்கிது" என்றாள். "ஒரே மாதிரி கேக்குற வார்த்தைங்கள்ல கொழம்புறது என் வழக்கம்னு எழுதிக்கிது. நான் சொல்ல வந்தது வேற, எழுதுனது வேறன்னு எழுதிக்கிது. சரிதான சார்?"

ஜன்னல் பக்கமிருந்து துளசிராமன்தான் பேசினான்.

"இதுல இன்னா பொய்யி? எது எதுல கொழப்பம்னு நீயே அட்ட அட்டயா எழுதி வச்சிக்கினு சுத்துற. ஃபேக்டரிக்கே தெரியும், இடுப்பு."

"கொழப்பம் இருந்துச்சி சார், அதான் எழுதி வச்சேன்" என்றாள். "எழுதி வச்சதுக்கு அப்புறம் இல்ல. ரிஜிஸ்டர எடுத்தாரச் சொல்லுங்க, படிச்சிக் காட்டறேன்."

ரிஜிஸ்டர் ஹெட் ஆபீஸுக்குப் போயிருப்பதாக ஆதிகேசவன் சொன்னார். அப்படியா என்று கேட்டுக்கொண்டாள். பிறகு அந்த வரியை நேரம் உட்பட ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கொஞ்சம் ராகமாகத்தான் வந்தது. ஆனால் ஒரு சொல்லும் தவறவில்லை.

"அதுக்குக் கீழ ரெண்டு மணி அஞ்சு நிமிஷத்துக்கு சாரு கையெழுத்து போட்டுக்கிறாரு" என்று துளசிராமனைக் காட்டினாள். "படிச்சிட்டுதான போட்டாரு? இல்ல, அவருக்கும் இங்கிலீஷ் தெரியாதுன்னு இன்னொரு பேப்பர் அடிச்சி வச்சிக்கிறீங்களா சார்?"

துளசிராமன் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தான். மின்விசிறிக் காற்றில் தாளின் முனை எழுந்து எழுந்து படிந்தது. ஆதிகேசவன் குரலை இறக்கி, வீட்டு மனுஷனைப் போலப் பேசினார். அவள் பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கேட்டார். மணியம்மாளைக் கம்பெனி அப்படியே விட்டுவிடாது, ஏதாவது பார்த்துச் செய்வார்கள் என்றார். இந்த வயதில் வேறு கம்பெனி கேட்டில் போய் நின்றால் புதுசாகப் பேக்கிங்கிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்றார். எல்லாம் உண்மைதான். செண்பகத்துக்கும் அது தெரியும், நேற்று இரண்டு கட்டுக் கீரை உருவி முடிப்பதற்குள் அவள் அதையெல்லாம் யோசித்துவிட்டிருந்தாள்.

"லிஸ்ட்ல எட்டாவது பேரு உன்னுது" என்றார் கடைசியில். "நான்தான் போட்டேன்."

"சந்தோஷம் சார்."

அவள் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். வேலைக்கு வைத்திருக்கும் புது அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். மேஜையில் இருந்த அவருடைய பேனாவையே எடுத்து எழுதினாள். பொருள்: கடிதம். எண்ணிக்கை: ஒன்று. காரணம் என்ற இடத்தில் உண்மை இல்லை என்று ஆங்கிலத்தில் இரண்டே சொல். கீழே கையெழுத்து. சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துப் பத்து இருபத்தாறு என்று நேரமும் போட்டாள். அட்டையின் நூலைத் தாளின் துளையில் நுழைத்து, மெஷின் கைப்பிடியில் கட்டுவதைப் போலவே இரண்டு முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தாள். தாள் கிழியவில்லை.

"அட்டைய யாரு அவுக்கலாம்னு உங்களுக்குத் தெரியும் சார்" என்றாள். "கேட்டுலயே போர்டு வச்சிக்கீது."

பேனாவுக்கு மூடி போட்டு அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தாள். நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

"அப்போ லிஸ்ட்ல உன் பேர நான் இன்னாம்மா பண்றது?" என்றார் ஆதிகேசவன்.

செண்பகம் கோட்டுப் பையிலிருந்து வேலைத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, முடியை உள்ளே ஒதுக்கிக்கொண்டு, கதவைத் திறந்து பிரஸ்களின் சத்தத்துக்குள் போனாள்.