எது கூடாது என்று யாரும் கேட்கவில்லை

முதலில் என்னைக் கைவிட்டது ஜாக்கெட் கொக்கி. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, மடங்கினால் நிமிராது. சிறுசேரி அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். என் கணவர் வந்து மாட்டிவிடுவார். அதே சிறுசேரிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவர் அவர்.

செங்கல்பட்டில் பரிசோதித்துவிட்டு முடக்குவாதம் (உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்றார்கள். முப்பத்து நான்கு வயதில் வாதமா என்று விக்கித்துப் போனேன். டாக்டர் மெத்தோட்ரெக்சேட் (அந்தச் சக்தியை அடக்க, வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை) எழுதினார். நான் எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தபோது என் கணவரிடம் ஏதோ சொல்லி அனுப்பினார். மாத்திரை விவரமாக இருக்கும் என்று நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து என் கணவர் என்னை நெருங்கவில்லை.

பணிவிடையில் குறையே கிடையாது. தலை வாரிவிடுவார், துணி பிழிந்து போடுவார். ஆனால் கொக்கி மாட்டும்போது சுவரைப் பார்ப்பார். முதலில் எங்கள் மகளை நடுவில் படுக்க வைத்தார், பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கே போய்விட்டார். கோணத் தொடங்கிய என் விரல்கள் அவருக்கு அருவருப்பாகிவிட்டன என்று முடிவுகட்டினேன். உள்ளுக்குள் எரிந்தது. ஆனாலும், ஏன் என்னிடம் வருவதில்லை என்று எந்த வாயால் கேட்பது? மூன்று வருடம் இப்படியே போனது. பள்ளி விடுமுறை விட்டதும் மகளோடு கடப்பாக்கத்தில் அம்மா வீட்டுக்கே போய்விடுவது, திரும்பி வருவதில்லை என்று மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன்.

அதற்கு முன்பு மாத்திரை வாங்க மருத்துவமனைக்குப் போனோம். புதிதாக ஒரு பெண் டாக்டர் இருந்தார். மூட்டுகளை அழுத்திப் பார்த்தார். கண் உலர்கிறதா, வாய் உலர்கிறதா என்று கேட்டார். பிறகு, “வீட்டுக்காரரோட சேர்ந்துதான இருக்கீங்க?” என்றார்.

“ஒரே வூட்லதான் கீறோம் மேடம்.”

“வீட்டைக் கேக்கலம்மா. படுக்கையைக் கேக்கறேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூட்டு டாக்டர் கேட்கிற கேள்வியா இது? இந்த நோயில் பிறப்புறுப்பும் உலர்ந்து போகலாம், இடுப்பு மூட்டு இடம் கொடுக்காமல் போகலாம், அசதியில் ஆசையே அற்றுப்போகலாம், எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். நான் அழுதுவிட்டேன். “அவருக்கு என்னைப் புடிக்கல மேடம்,” என்றேன்.

டாக்டர் வெளியே நின்றிருந்த என் கணவரை உள்ளே கூப்பிட்டு விசாரித்தார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “இன்னா மேடம் இப்டி கேக்கறீங்க? முன்ன இருந்த டாக்டருதான் சொன்னாரு. மாத்திர சாப்புட்ற வரைக்கும் கூடாது, ஜாக்கிரதையா இருன்னு.”

“எது கூடாது?”

என் கணவர் விழித்தார். “அதான் மேடம்... கூடாதுன்னாரு.”

“கர்ப்பம் ஆகக் கூடாதுப்பா! அந்த மாத்திரை கருவைப் பாதிக்கும். அதுக்குத்தான் ஜாக்கிரதை. கருத்தடை பண்ணிக்கிட்டுத் தாராளமா சேர்ந்து இருக்கலாம்.”

என் கணவர் விரல்விட்டு எண்ணினார். “மூணு வருசம் மேடம்,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “உனுக்கும் தெரியும்னு நெனச்சேன்மே,” என்றார்.

யார்மேல் ஆத்திரப்படுவது? சொன்னவருக்கு ஒரு வார்த்தையைக் கூடுதலாகச் சொல்லக் கூச்சம். கேட்டவருக்கு எது என்று கேட்கக் கூச்சம். எனக்குக் கணவரிடமே கூச்சம். கூடாது என்றால் கூடவே கூடாது என்று அந்த மனிதர் எடுத்துக்கொண்டதில் நம் தமிழுக்கும் பங்கு உண்டு.

திருவிடந்தையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வண்டியில் திரும்பும்போது, மாமல்லபுரம் தாண்டியதும், என் கை அருவருப்பாகிப்போய்த்தான் அவர் சுவரைப் பார்க்கிறார் என்று நினைத்திருந்ததைச் சொன்னேன். அங்கே ஓரமாக நிறுத்திவிட்டுக் கத்தினார். “உன் கையப் பாத்தா எனுக்கு அருவருப்பா? இன்னா நெனப்புமே இது? செவுத்த ஏன் பாத்தேன்? உன்னப் பாத்தா மனசு நிக்காதுமே, அதான்!” நடுரோட்டில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இந்த நோயோடு இருப்பவர்களுக்கு டாக்டர் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். விறைப்பு இருக்கும் காலை நேரம் வேண்டாம். வலி மாத்திரையைச் சற்று முன்பே போட்டுக்கொள்ளலாம், வெந்நீரில் குளிக்கலாம். முழங்காலுக்கடியில் தலையணை வைக்கலாம். உலர்வுக்குக் களிம்பு இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். குழந்தை வேண்டுமென்றால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் முன்கூட்டியே டாக்டரிடம் பேசுங்கள். அவர் கூடாது என்றால், எது என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

கடப்பாக்கத்துக்கு நான் போகவில்லை. இப்போது என் நாள் மத்தியானத்தில்தான் விடிகிறது. காலை முழுவதும் நோய்க்குச் சொந்தம். முப்பத்து நான்கிலிருந்து நேரே முப்பத்தேழில் வந்து விழுந்த மாதிரி இருக்கிறது. நடுவில் இருந்த வயதுகள் எங்கே போயின என்று தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தாள். என் கணவர் கண்ணாடிச் சாமானைத் தொடுவதுபோல் தொட்டார். “வலிக்குதாமே?” என்று மூச்சுக்கு மூச்சு கேட்டார்.

“வலிக்குது மாமா. கைய எடுக்காத.”

என் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். இந்த உடம்பில் வலியைத் தவிர வேறொன்றும் மிச்சம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவேயில்லை.