நஸீமா மிஸியும் லீவு நாள் கேள்வியும்

நஸீமா மிஸி மௌத்தான செய்தியை அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னபோது, நான் கிளினிக்கில் நோயாளி பார்த்துக்கொண்டிருந்தேன். "உம்மா சுபஹு தொழுகைக்குப் பிறகு நித்திரையிலயே போயிட்டா டொக்டர்" என்றார்.

இந்தக் கிளினிக்கில் தாதியாக இருந்த அவரோடு வேலை செய்த எல்லோருக்கும் அவருடைய வாய் தெரியும். மருந்தை மறந்தவருக்கு விழும் ஏச்சு வாசல்வரை கேட்கும். ஏசி முடித்ததும் தன்னுடைய பிளேன்டீயை அதே ஆளிடம் நீட்டுவார். என்னையும் அவர் விட்டுவைத்ததில்லை.

வேலையால் வரும் ஆஸ்துமாவைக் கண்டுபிடிக்க உதவும் புள்ளித்தாள் ஒன்றை நான் கிளினிக்குக்குக் கொண்டுவந்திருந்தேன். வேலை இடத்தில் மூச்சு முட்டு கூடுகிறதா, லீவு நாளில் குறைகிறதா, மூக்கும் கண்ணும் அரிக்கிறதா என்று கேட்டுப் புள்ளி போட வேண்டும். புள்ளி கூடினால் வேலைதான் காரணம் என்ற சந்தேகம் கூடும். அந்தத் தாளில் எனக்குப் பெரிய பெருமை.

முந்தல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இறால் உரிக்கும் செல்வராணி, புத்தளம் மாவட்டத்து மீனவக் கிராமமான உடப்பிலிருந்து வந்தார். லீவு நாளிலும் முட்டு குறைவதில்லை என்றார். புள்ளி தாழ்ந்தது. சாதாரண ஆஸ்துமாதான், தாராளமாக வேலைக்குப் போகலாம் என்று அனுப்பிவிட்டேன். இரண்டு மாதத்தில், நான்கு படி ஏற முடியாமல் திரும்பி வந்தார். மருந்தைக் கூட்டி எழுதப் பேனையை எடுத்தேன்.

மிஸி குறுக்கே வந்தார். "லீவு நாள்ல வீட்டுல என்ன செய்வீங்க புள்ள?"

"இறால்தான் மிஸி. வீட்டுக்காரர் கொண்டுவாறத உரிச்சுக் காயப்போடோணும்."

"கோயிலுக்கு விரதம் பிடிக்கிற நாள்ல?"

செல்வராணி யோசித்தார். விரத நாட்களில் அவர் தொழிற்சாலைக்குப் போவதில்லை; வீட்டுக்குள்ளும் மீன், இறால் எதுவும் வராது. "ஓம், அந்த நாள்ல நல்லா நித்திரை கொண்டன்" என்றார்.

"தாளுல பிழையில்ல டொக்டர். நீங்க கேட்டது காணாது, இன்னும் கேட்டிருக்கோணும்" என்றார் மிஸி, நோயாளியின் முன்னாலேயே. எனக்குக் கோபம் வந்தது, வெட்கமும் வந்தது. உடப்பில் லீவு நாள் என்றால் வீட்டில் இறால் கூடும் என்பது, புத்தளத்தில் பிறந்த எனக்குத் தெரியாததா?

வேலை நாட்களிலும், இறாலைத் தொடாத இரண்டு வாரமும் மூச்சின் வேகம் காட்டும் குழாயில் ஊதி அளவெடுத்து எழுதச் சொன்னோம். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. செல்வராணி அழுதார். மூச்சுக்காக வேலையை விட்டால் பிள்ளைகளை எப்படிப் பார்ப்பது என்பதுதான் அவருடைய பயம். மிஸி அவரைக் கூட்டிக்கொண்டு தொழிற்சாலை மேலாளரிடம் போனார். சிங்களத்தில் என்ன கதைத்தாரோ, பெட்டி மடிக்கும் பகுதிக்கு மாற்றம் கிடைத்தது. அங்கே இறால் வாடையே கிடையாது. வீட்டில் உரிக்கும் வேலை புருஷன் தலையில் விழுந்தது. "அவருக்கும் ரெண்டு கை இருக்குத்தானே" என்றார் மிஸி.

மிஸியின் ஜனாஸா வீட்டுக்குச் செல்வராணி வந்திருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நல்ல வெயிலில் நடந்து வந்தும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை. பார்க்க எனக்கு மனம் நிறைந்தது.

மிஸியிடமிருந்து எனக்கென்று ஒன்றை வைத்திருக்கிறேன். அன்று நான் செல்வராணியைப் பார்த்து "பிழை என்னுடையது" என்று சொல்லும்வரை, மிஸி அடுத்த நோயாளியை உள்ளே விடவில்லை. வாசலை மறித்துக்கொண்டு நின்றார். இப்போது யாரும் மறிக்காமலே எனக்கு அந்த வார்த்தை வருகிறது. நேற்றும் ஒருவரிடம் சொன்னேன்.