திறந்து பார்க்காத நகல்

தொண்டை அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரம் என் மனைவி தன் குரலைப் பதிவு செய்து வைத்தாள். இனிமேல் பேச வராது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். மல்லேஸ்வரம் வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தாள், வாசலில் பூக்காரியோடு கன்னடத்தில் பேரம் பேசினாள், நடுவில் என்னைத் திட்டினாள். எல்லாம் நேராக என் லேப்டாப்பில் பதிவானது, வேறெங்கும் இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் நான் அந்தப் பதிவுகள் பக்கமே போகவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை.

லேப்டாப் மக்கர் பண்ண ஆரம்பித்ததும், சுத்தமாக அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றலாம் என்று நினைத்தேன். அதற்கு முன் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும். இருபது வருடமாக எலக்ட்ரானிக் சிட்டியில் சர்வர்களோடு மாரடிப்பவன் நான். மவுஸால் இழுத்துப் போடுவது எனக்குக் கௌரவக் குறைச்சல். கறுப்புத் திரையில் ஒரே வரியில் கட்டளையை அடித்தேன். கோப்புகளின் பெயர்கள் கடகடவென்று ஓடின. பிழை என்று ஒன்றும் வரவில்லை.

ஆபீஸில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நகலிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்க்காமல் யாரும் மூலத்தை அழிக்கக் கூடாது. அதை மறந்தவர்களைக் கடித்துக் குதறியிருக்கிறேன். அன்று நான் திறக்க வேண்டியது அவள் குரலை. அவள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஹெட்போன் மாட்டிக் கேட்டிருக்கலாம்; அதற்கும் எனக்குத் தைரியம் வரவில்லை. பெயர்கள்தான் ஓடினவே என்று டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு லேப்டாப்பை அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன்.

மறுநாள் டிஸ்கைச் செருகினால் உள்ளே ஒன்றுமே இல்லை. முதல் நாள் அது சரியாக இணைந்திருக்கவே இல்லை. டிஸ்கின் பெயரிலேயே லேப்டாப்புக்குள் ஒரு காலி ஃபோல்டர் இருந்திருக்கிறது. நகல் முழுக்க அதில்தான் போய் விழுந்திருக்கிறது. மூலமும் நகலும் ஒரே இடத்தில் கிடந்து ஒன்றாகவே போயின.

அழிந்த கோப்புகளை மீட்டுத் தருபவர் ஒருவர் அடுகோடி ஏரியாவில் கடை வைத்திருந்தார். இரண்டு நாள் பார்த்துவிட்டு லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"பழசு மேலயே புதுசா எழுதிட்டீங்களே சார். ஒண்ணும் பாக்கி இல்ல. சும்மா நம்பிக்கை குடுக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்து அவளிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் போனை எடுத்து நிதானமாகத் தட்டி என் பக்கம் திருப்பினாள்.

"இந்த ஆறு மாசத்துல ஒரு தடவையாவது போட்டுக் கேட்டீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.