அதிராத இடம்

அண்ணி வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஊரில் பாதிப் பேர் கனவில் இருப்பார்கள். மீதிப் பேர் அப்போதுதான் கனவிலிருந்து எழுந்து, வெறும் வயிற்றோடு அண்ணிக்காகக் காத்திருப்பார்கள். அண்ணிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, விரல் நீளக் குழாய்களில் நிரப்பி, பெயர் ஒட்டி, எட்டு மணிக்குள் லேபில் சேர்க்க வேண்டும். பத்தொன்பது வருடமாக இதே வேலைதான்.

ஊசியைக் கண்டால் யாருக்கும் கை இறுகும். கை இறுகினால் நரம்பு ஒளிந்துகொள்ளும். அதனால் ஊசியை வெளியே எடுப்பதற்கு முன்னால், ராத்திரி என்ன கனவு வந்தது என்று அண்ணி கேட்பார். தூக்கம் கலையாத மனிதர்கள் ஆற அமர யோசிப்பார்கள். நடுத்தெருவில் கப்பல் ஓட்டியிருப்பார் ஒருவர். இன்னொருவருக்குச் செத்துப்போன அப்பா வந்து, சட்டையை ஏன் இஸ்திரி போடவில்லை என்று கோபித்துக்கொண்டிருப்பார். சொல்லி முடிப்பதற்குள் பஞ்சு வைத்து ஒட்டியாகிவிடும். மத்தியானம் அண்ணி என் கடைக்கு வந்து, யார் கனவு என்று சொல்லாமல், ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். எனக்குப் படுத்தால் கட்டை மாதிரித் தூக்கம். கனவு என்றால் அண்ணி தயவில் கேட்டதுதான்.

என் கடையில் சைக்கிளுக்கும் பேட்டரி சைக்கிளுக்கும் வேண்டிய துணைச் சாமான்கள் கிடைக்கும். புது வண்டி வாங்கியவன் வந்தால் முதலில் கேட்பது கலர் கலராக மின்னும் விளக்கு. அடுத்தது போன் மாட்டுகிற தாங்கி. மட்கார்டு போட்டுக்கொள்ளச் சொன்னால், வானத்திலிருந்து தண்ணீர் விழும் என்று கேள்வியே படாதவன் போல விழிப்பான். முதல் மழைக்கு முதுகில் சேறு பட்டை போட்ட பிறகு அவனே வந்து நிற்பான். இந்த ஜாதி ஆட்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணி அப்படி இல்லை. லேபில் ஒருவருக்கு இத்தனை வீடு என்பதைத் திடீரென்று இரட்டிப்பாக்கியபோது, பஸ்ஸும் நடையும் கட்டுப்படியாகாமல் ஒரு பேட்டரி சைக்கிள் வாங்கினார். வாங்கிய கையோடு என் கடைக்குப் பட்டியலுடன் வந்தார். இருக்கிற மணிகளையெல்லாம் அடித்துப் பார்த்து, உள்ளதிலேயே சன்னமாக ஒலித்ததை எடுத்தார். தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாதாம். விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் தரையில் விழ வேண்டும். பூட்டு ஒரு கையால் பூட்டுகிறதாக இருக்க வேண்டும், மறு கையில் பெட்டி இருக்குமே. சரிவில் நிறுத்தினாலும் சாயாத ஸ்டாண்டு. வலது பக்கம் ஒரு கண்ணாடி. எனக்கு அப்படியே உச்சி குளிர்ந்துவிட்டது. ரத்தப் பெட்டியை வைக்க, கடையிலேயே கெட்டியான இரும்பு கேரியரை நானே தேர்ந்தெடுத்து முறுக்கிக் கொடுத்தேன். மலையையே தூக்கி வைத்தாலும் அசையாது என்று பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

முதல் வாரம் அண்ணி தரையில் நடக்கவில்லை. வண்டி சத்தமே போடாமல் போகிறதாம். விளக்கு அணையாத வாசல்கள், ஈரம் காயாத தெருக்கள், ஜன்னலில் அசையாமல் நிற்கிற பூனைகள் எல்லாம் தானாக மிதந்து பின்னால் போகின்றனவாம். "நான் போனது தெருவுக்கே தெரியல தம்பி. யாரோ காணுற கனவுக்குள்ள பூந்து வெளிய வந்த மாதிரி இருக்கு" என்றார். நாற்பத்தேழு வயதில் ஒருவர் இப்படிப் பேசினால் கேட்கிறவனுக்கும் கொஞ்சம் தலை சுற்றத்தான் செய்யும்.

இரண்டாவது வாரம் லேபிலிருந்து போன் வந்தது, ஒரு குழாயில் ரத்தம் உடைந்துவிட்டதாம். குழாயில் ரத்தம் அடங்கி நின்றால் மேலே மஞ்சளாக நீர் தெளிய வேண்டும். வழியில் குலுங்கிய ரத்தம் உடைந்து, அந்த நீர் சிவந்துபோகும். சிவந்தது குப்பைக்குத்தான். திரும்பப் போய், அதே ஆளுக்கு, இன்னொரு முறை ஊசி குத்த வேண்டும். இதற்கு அண்ணி வைத்திருக்கும் பெயர் இரண்டாவது குத்து. பத்தொன்பது வருடத்தில் அவரால் இரண்டாவது குத்து வாங்கியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

கடைக்காரனுக்கு எந்த வியாதிக்கும் மருந்து இன்னொரு சாமான்தான். ஸ்பிரிங் வைத்த சீட்டை மாட்டினேன். அண்ணி மெத்தையில் உட்கார்ந்து போனார், ரத்தம் மறுபடியும் உடைந்தது. பிறகு கேரியருக்கு அடியில் ரப்பர், பெட்டிக்குள் பஞ்சு. விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய டம்ளரைப் பெட்டியில் வைத்து நானே தெருவைச் சுற்றி வந்து காட்டினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. இனிமேல் உடைந்தால் என் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று சவால் விட்டேன். நாலாம் நாள் மூன்றாவது போன் வந்தது.

லேப் மேனேஜர் கூப்பிட்டு நல்லவிதமாகத்தான் பேசினார். இன்னும் ஒரு முறை இப்படி ஆனால் வெளிவேலை வேண்டாம், உள்ளேயே உட்கார்ந்து குழாய்களுக்குப் பெயர் ஒட்டுங்கள், வெயில் இல்லை மழை இல்லை என்றார். ஏதோ சலுகை தருகிற மாதிரி. அந்த விடியற்காலைத் தெருக்களும் அந்தக் கனவுகளும் இல்லாமல் அண்ணி என்ன செய்வார்?

அதைவிடப் பெரிய இடி, மூன்றாவதாக உடைந்த ரத்தம் ஒரு பாட்டு டீச்சருடையது. டீச்சர் நெடுநாளாக வைத்தியத்தில் இருப்பவர். இரண்டு கையிலும் நரம்பெல்லாம் ஊசி வாங்கி வாங்கிச் செத்துப்போய்விட்டது. இடது புறங்கையில் ஒன்றே ஒன்று மிச்சம். கண்ணுக்குத் தெரியாது, அண்ணியின் இரண்டு விரலுக்குத்தான் தெரியும். பத்து நாளைக்கு ஒரு முறை ரத்தம் பார்த்தால்தான் டாக்டர் அடுத்த மருந்தைத் தருவார். அன்று அண்ணி திரும்பப் போய் நின்றபோது, டீச்சர் ஒன்றும் கேட்காமல் கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாராம்.

"உங்க மேல கோபம் இல்ல சிஸ்டர்" என்றாராம் சுவரைப் பார்த்தபடியே. "ஆனா இன்னொரு வாட்டி இப்படி ரெண்டாவது குத்து வந்துச்சுன்னா, எனக்கு டெஸ்டும் வேணாம், மருந்தும் வேணாம். போதும்னு விட்டுடுவேன்."

அன்று மத்தியானம் அண்ணி என் கடைக்கு வந்து இதை மட்டும் சொன்னார். யாருடைய கனவையும் சொல்லவில்லை.

நான் சும்மா இருப்பேனா? அகல டயர் நன்றாக இருக்கும் என்று ஆரம்பித்தேன். அண்ணி என் வாயை மூடச் சொல்லாத குறைதான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கல் பதித்த சந்துக்கு வா என்றார்.

போனேன். என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, பக்கத்திலேயே ஓடி வந்தார். மெல்லிய பனி. வண்டியில் சத்தம் இல்லை, அண்ணியின் மூச்சு மட்டும் கேட்டது. நரம்பு பார்க்கிற அந்த இரண்டு விரலைக் கேரியரில் வைத்தார். பாதிக் கண்ணை மூடியிருந்தார்.

"இங்க துடிக்குது" என்றார். விரலைப் பெட்டிக்கு மாற்றினார். அங்கேயும் துடித்தது. ஹேண்டில்பாரில் இன்னும் மோசம். சீட்டுக்கு அடியில், நான் பெருமையாக மாட்டிய ஸ்பிரிங்கில், துடிப்பு நிற்கவே இல்லை. தண்ணீர் சிந்தாதுதான், ஆனால் தண்ணீருக்குள் ஒரு நடுக்கம் இருக்கும், அதை டம்ளர் காட்டாது என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். வண்டியில் இருக்கிற ஒவ்வொரு சாமானும் என்னை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. பால்கனியில் ஒருவர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்.

சந்து முனையில் அண்ணிக்குக் கால் ஓய்ந்துவிட்டது. விழாமல் இருக்க என் இடுப்பைப் பிடித்தார். பிடித்த விரல் அப்படியே நின்றது.

"தம்பி, நிறுத்தாத. ஓட்டு."

ஓட்டினேன்.

"இங்க இல்ல" என்றார். "உன் ஒடம்புல இல்ல."

நாலு பேர் கேலி செய்த என் தொப்பை வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்துக்கு உதவியது. இரும்பும் ரப்பரும் விடாமல் கடத்திய நடுக்கத்தை மனுஷ உடம்பு வாங்கி விழுங்கிவிடுகிறது. பஸ்ஸில் போன காலமெல்லாம் பெட்டி அண்ணியின் மடியில் இருந்திருக்கிறது. வசதி செய்து கொடுக்கிறேன் பேர்வழி என்று அதை மடியிலிருந்து பிடுங்கி இரும்பில் வைத்தவன் நான். வெட்கமாக இருந்தது, அதை அண்ணியிடம் சொல்லியும் விட்டேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்றே கேரியரைக் கழற்றினேன். பெரிய பெட்டிக்குப் பதிலாகக் குளிர் தாங்கும் சின்னத் துணிப்பை. அதற்கு அகலமான தோள்பட்டை, இடுப்பில் ஒரு பெல்ட். குழாய்கள் நிமிர்ந்து நிற்கும்படி உள்ளே தடுப்பு வைத்தேன். கீழே தொங்கவிட்டால் மிதிக்கும்போது தொடையில் இடித்தது. மேலே ஏற்றினால் தாடைக்கு அடியில் மலை மாதிரி நின்று பாதையை மறைத்தது. மூன்று முறை அவிழ்த்துக் கட்டி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு இடம் பிடித்தோம். அண்ணி குனிய வேண்டியிராதபடி ஹேண்டில்பாரை ஒரு சாண் உயர்த்தினேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, கங்காரு மாதிரி இருக்கிறேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

டீச்சருடைய நாள் வந்தது. அந்தப் பையோடு அண்ணி நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினாராம். வழியெல்லாம் தன் மூச்சுக்கு அந்தப் பை ஏறி இறங்கியதாம். யார் முகமும் நினைவில்லை, எந்தத் தெரு என்பதும் நினைவில்லை, தூக்கத்தில் நடந்த மாதிரி லேப் வாசலில் இறங்கினேன் என்றார்.

ரத்தம் உடைந்திருந்தால் பதினொரு மணிக்குள் லேபிலிருந்து அண்ணிக்கும் டீச்சருக்கும் போன் வரும். அண்ணி கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். போனை மேஜையில் மல்லாக்க வைத்தார். வந்த வாடிக்கையாளர் இருவரை நான் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன். பத்தரை ஆனது. பத்தே முக்கால் ஆனது. பதினொன்றும் தாண்டியது.

பதினொன்று இருபதுக்கு போன் அடித்தது. நான்தான் எட்டிப் பார்த்தேன். லேப் இல்லை, பாட்டு டீச்சர். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சிஸ்டர், உங்களைக் கூப்பிட்டாங்களா?"

"இல்ல டீச்சர்."

"என்னையும் கூப்பிடல. மணி பதினொண்ணு தாண்டிடுச்சே?"

"தாண்டிடுச்சு டீச்சர்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"அப்ப நான் சாப்பிடட்டுமா?" என்றார் டீச்சர். "திரும்பவும் வெறும் வயித்துல எடுக்கணும்னு வந்து நிப்பீங்களோன்னு, பச்சத் தண்ணி குடிக்காம உக்காந்திருக்கேன்."

அண்ணி போனைக் கையில் எடுத்தார்.

"சாப்பிடுங்க டீச்சர்" என்றார். "நல்லா, வயிறு நெறைய சாப்பிடுங்க."