குணசீலன் தேர்ந்தெடுத்த மோட்டார்

குணசீலன் இறந்த செய்தி வந்தபோது மல்லேஸ்வரத்தில் மெட்ரோ படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். அழைத்தவர் நம் ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிக் குழுவின் நாகராஜ். "ரவி சார், குணா அண்ணா போயிட்டாரு. காலைல ஷூ மாட்டிட்டு இருந்தவரு அப்டியே சாஞ்சிட்டாராம். ஹார்ட்டு." நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "எனக்கு முன்னாடி யாருக்கெல்லாம் சொன்னீங்க?" என்பது. அவர் தடுமாறி ஐந்து பெயர்களைச் சொன்னார். நான் ஆறாவது ஆள். குணா இனி இல்லை என்பது உறைப்பதற்கு முன்பே அந்த ஆறாவது இடம் என்னைச் சுட்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவனைப் பற்றி எழுதச் சொன்னவர்கள் நீங்கள். நான் எழுதினால் இங்கிருந்துதான் தொடங்க முடியும்.

உங்களில் பலருக்கு அவர் குணா அண்ணன். எனக்கு அவன் குணா. அத்திபெலே பக்கம் ஒரே தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை செய்தோம். நான் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர், டிப்ளமோ படித்தவன். அவன் ஸ்டோரில் இருந்தான். நட்டு, போல்ட்டு, பேரிங், கையுறை எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது அவன் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எங்கள் இருவருக்கும் மீன்பிடிப்பில் பைத்தியம். இருவரும் ஒரே பட்டறையில் பன்னிரண்டு அடி ஃபைபர் படகு ஆளுக்கொன்று வாங்கி, ஊருக்கு வெளியே நமக்குத் தெரிந்த அந்த ஏரியில் விட்டோம். பெட்ரோல் எஞ்சினுக்கு அங்கே அனுமதி இல்லை. துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள்பட்டை போன பிறகு, படகின் பின்பலகையில் மாட்டும் மின்மோட்டார் ஒன்று வாங்கலாம் என்று இருவருக்கும் ஒரே வாரத்தில் தோன்றியது.

நான் மூன்று நாள் உட்கார்ந்து படித்து, இருபத்துநான்கு வோல்ட்டில் ஓடும் எண்பது பவுண்டு தள்ளுவிசை மோட்டாரைத் தேர்ந்தெடுத்தேன். கடையில் இருந்ததிலேயே பெரியது அதுதான். குணா என்ன செய்தான் தெரியுமா? ஸ்டோரிலிருந்து ஒரு ஸ்பிரிங் தராசை எடுத்து வந்தான். படகில் தன் எடைக்கும் பேட்டரி எடைக்கும் சரியாக மணல் மூட்டைகளை அடுக்கினான். முன்மூக்கில் கயிறு கட்டி, நடுவில் தராசை மாட்டி, கரையோரமாகப் படகை இழுத்துக்கொண்டு நடக்கும்படி என்னிடம் சொன்னான். வேகமாக நடந்தபோதும் முள் எட்டுக் கிலோவைத் தாண்டவில்லை.

"அவ்ளோதான் ரவி. எட்டு கிலோ. காத்து அடிக்கிற நாளுக்கு ரெட்டிப்பா வெச்சாலும் முப்பத்தஞ்சு பவுண்டுதான். நாப்பது பவுண்டு மோட்டாரு தாராளம்."

நான் சிரித்தேன். "இது என்ன காய்கறி வியாபாரமா, தராசுல நிறுத்து வாங்க?"

"கடைக்காரன கேட்டா பெருசாத்தான் சொல்லுவான். படக கேட்டுட்டு வாங்கறேன், அதுக்கென்ன?"

மோட்டாரின் தண்டு எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்கும் அவன் ஒரு குச்சியைத்தான் எடுத்தான். பின்பலகையிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளந்து, விசிறி முழுக்க மூழ்க ஒரு முழம் சேர்த்துக்கொண்டான். நான் நீளத் தண்டு வாங்கியிருந்தேன். நம் ஏரியின் ஓரத்தில் அது சேற்றை உழுதது. என் இரண்டு பேட்டரிகளையும் மோட்டாருக்குப் பக்கத்திலேயே பின்னால் வைத்தேன். படகின் பின்பக்கம் அமுங்கி மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. காற்று அந்த மூக்கைப் பிடித்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பியது. அவன் தன் ஒற்றை பேட்டரியை முன்பலகைக்கு அடியில் வைத்து, தடித்த கேபிளைப் பின்னால் வரை ஓட்டியிருந்தான். அவன் படகு தண்ணீரில் மட்டமாக உட்கார்ந்திருந்தது. ஒயரிங் படித்தவன் நான். அந்த கேபிளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

எரிந்த வயிற்றுக்கு எண்ணெய் ஊற்றினாற்போல ஒரு நாள் வந்தது. குழுவில் எட்டுப் பேரும் ஏரியில் இருந்த ஒரு மதியம், என் விசிறியில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டது. நிறுத்தி எடுத்திருக்க வேண்டும். நான் முழு வேகம் வைத்துப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தேன். ஃபியூஸ் போனது. மாற்று ஃபியூஸ் கையில் இல்லை. எலெக்ட்ரிகல் சூப்பர்வைசரிடம் இல்லை! குணா அவசரமில்லாமல் வந்தான். பத்தடிக்கு ஒருமுறை விசிறியைப் பின்னோக்கிச் சுற்ற வைத்து செடியை உதறிக்கொண்டே வந்தான். கயிறு போட்டு என் படகைக் கரை வரை இழுத்தான். கரையில் எல்லோரும் கேட்டபோது, "சார் மோட்டார்ல தப்பே இல்ல. செடி ஜாஸ்தி" என்றான். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகு நான் செய்ததை உங்களில் யாரிடமும் சொன்னதில்லை.

ஏரியில் வலை போடும் மீனவர் சங்கத்துக்கு ஏழு படகுகள். அவர்கள் குணாவின் மோட்டாரைப் பார்த்து, அதே மாதிரி தங்களுக்கும் மாட்டித் தரச் சொல்லியிருந்தார்கள். வாங்கும் முன் காரியதரிசி முனியப்பா எனக்கு போன் செய்தார். "சார், நீங்க கரெண்டு படிச்சவரு. குணா சொல்ற சின்ன மோட்டாரு சாலுமா, போதுமா? ஆடி காத்துக்கு தாங்குமா?"

தாங்கும் என்று எனக்குத் தெரியும். தராசுக் கயிற்றை இழுத்தவனே நான்தான். "வலையோட பாரமும் இருக்கே. கஷ்டம்தான். யோசிச்சு பண்ணுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர்கள் வாங்கவில்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் அந்த ஏழு பேர் துடுப்புப் போட்டார்கள். அவர்களில் லட்சுமையாவுக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. விடிகாலையில் இடது கையால் ஒரு பக்கம் நாலு இழுப்பு, பிறகு எழுந்து மாறி உட்கார்ந்து மறுபக்கம் நாலு இழுப்பு என்று அவர் போவதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு என் படகை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன்.

அடுத்த ஆடியில் முனியப்பாவின் பேச்சிலிருந்து குணாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மறுநாள் எலெக்ட்ரிகல் ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"சின்ன மோட்டாரு காத்துக்கு நிக்காதுன்னு சொன்னியா?"

"நிக்காதுன்னு நெனச்சேன்."

"நெனச்சியா?"

அவன் என் மேசையிலிருந்த டெஸ்டரை எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தான். "ஞாயித்துக்கெழம கெரெக்கு வா" என்றான். ஏரியை அவன் கன்னடத்தில் கெரெ என்றுதான் சொல்வான்.

அந்த ஞாயிறு காற்று மரங்களை வளைத்தது. குணா தன் படகில் முனியப்பாவையும் லட்சுமையாவையும் நனைந்த வலைகளையும் ஏற்றிக்கொண்டு, காற்றுக்கு நேர் எதிராக ஏரியின் மறுகரை வரை போய்த் திரும்பினான். நான் கரையில் நின்றேன். இறங்கியதும் பேட்டரியில் மீட்டரை வைத்து முனியப்பாவுக்குக் காட்டினான். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. சங்கம் அந்த மாதமே ஏழு மோட்டார் வாங்கியது. குணா என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டான். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களுக்குக் கோபமே வராது என்பதுபோல் எழுதுகிறார்கள். குணாவுக்குக் கோபம் வரும். மூன்று மாதம் கேன்டீனில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் ஸ்டோர் ஜன்னலுக்குப் போய் ஸ்பிரிங் தராசு கேட்டேன். பதிவேட்டைத் தள்ளினான். கையெழுத்துப் போட்டேன்.

"எதுக்கு?"

"என் படக இழுத்துப் பாக்கணும்."

"ரெண்டும் ஒரே படகுதானே. அதே எட்டு கிலோதான் காட்டும்."

"நானே பாக்கணும். லட்சுமையா விஷயத்துல நான் பண்ணது தப்பு குணா. தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவன் வெகுநேரம் தராசின் கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அவர்கிட்ட போய் சொல்லு. அப்புறம் நான் வரேன். கயிறு இழுக்க ஆள் வேணுமில்ல" என்றான். சொன்னேன். லட்சுமையா கேட்டுவிட்டு, "ஆயித்து, விடுங்க சார்" என்று வலையை மடிக்கப் போனார். அந்த ஞாயிறு முள் எட்டில் நின்றது. அவன் வைத்திருந்த அதே மோட்டாரை நானும் வாங்கினேன். என் பெரிய மோட்டார் இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

பொறாமை அத்தோடு போனது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஒரே படகு, ஒரே மோட்டார், ஒரே ஏரி. ஆனால் மீன் அவன் தூண்டிலைத்தான் கடித்தது. நான் எப்போதும் வேகத்தைக் கூட்டிவிடுவேன். "ஒண்ணாம் நம்பர்ல போ ரவி. மீனுக்கு என்ன, ஆபீஸ் டைமா?" என்று பக்கத்துப் படகிலிருந்து சொல்வான். சொல்லி முடிப்பதற்குள் அவன் தூண்டில் நரம்பு விறைக்கும்.

அவன் போன அன்று ஜீவனஹள்ளி வீட்டில் புத்தர் படத்துக்குக் கீழே அவனைக் கிடத்தியிருந்தார்கள். தெரு கொள்ளாத கூட்டம். சங்கத்தின் ஏழு பேரும் வந்திருந்தார்கள். லட்சுமையா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு யார் அப்படி அழுவார்கள் என்று அங்கே நின்று எண்ணிப் பார்த்தேன். அவன் மனைவி மலர் என் கையைப் பிடித்து, "சாப்டீங்களாண்ணா?" என்று கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

போன ஞாயிறு குழுவுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். சேலத்துக்காரர், ஐ.டி.யில் வேலை. புது மோட்டார், புது பேட்டரி. காற்றடிக்கும் திசையில் சுகமாகக் கிளம்பப் போனவரை நிறுத்தி, முதலில் எதிர்க்காற்றில் போகச் சொன்னேன். பேட்டரி நிறைந்திருக்கும்போது கஷ்டமான பக்கம் போய்விட வேண்டும். திரும்பும்போது பேட்டரி சோர்ந்தாலும் காற்றே கரைக்குக் கொண்டுவந்துவிடும்.

அவர் மகிழ்ந்துபோனார். "சூப்பர் சார். இத யாரும் எழுதி நான் பாத்ததில்ல. நீங்களே கண்டுபிடிச்சீங்களா?"

சுற்றிலும் யாரும் இல்லை. ஆமாம் என்று வாய் வரை வந்தது. அவனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு யோசனைதான். அதையும் என்னுடையதாக்கிக்கொள்ள ஒரு சொல் போதும். சொன்னால் கேட்க அவனும் இல்லை.

"இல்ல" என்றேன். "குணசீலன்னு ஒருத்தர். ஸ்டோர்ல இருந்தாரு. அவர் சொன்னது."