மருதமரத்துக்கு இந்தப் பக்கம்

மேலகரத்துக் காவல்காரர் சிவனணைந்தபெருமாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கோபம்தான் வரும். இப்படியுமா ஒரு மனுஷன் பிழைக்கத் தெரியாமல் இருப்பான்?

எங்கள் பக்கத்துக் காவல் வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் மாடு களவு போனால் காவல்காரர் குளம்படித் தடத்தைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். தடம் அடுத்த ஊர் எல்லைக்குள் நுழைந்துவிட்டால் பொறுப்பு அந்த ஊர்க் காவல்காரருக்கு மாறிவிடும். யார் எல்லையில் தடம் மறைகிறதோ அவர் மாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் தன் மாட்டைக் கொடுக்க வேண்டும். வெள்ளைக்காரன் போலீஸ் ஸ்டேஷன் வைத்த பிறகும் எங்களுக்குள் இதுதான் சட்டமாக இருந்தது.

1931 ஆனி மாதம் மேலகரத்துப் பாலம்மாளின் உழவு மாடு களவு போனது. பெருமாள் விடிந்ததிலிருந்து தடம் பார்த்து வந்தார். சர்க்கார் நட்ட எல்லைக்கல்லைத் தாண்டி, இலஞ்சிப் பக்கம் பத்தடியில் தடம் நின்றுபோனது. அதற்கு மேல் வெறும் பாறை. வாய்க்கால் வரை தேடியும் ஒன்றும் இல்லை. சாரல் விழ ஆரம்பித்ததால் கடைசிக் குளம்படியின் மேல் ஓலைப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார்.

இலஞ்சிக் காவல் அப்போது என்னுடையது. அய்யா இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் இருந்ததே ஒரு ஜோடி மாடுதான்.

நான் போனதும் பெருமாள் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். தடம் தெளிவாகக் கிடந்தது.

“தடம் கல்லத் தாண்டிட்டே. இனி என் பொறுப்பு அண்ணாச்சி” என்றேன்.

அவர் வாய்க்கால் கரையில் நின்ற மருதமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லலே சுந்தரபாண்டி. இந்தக் கல்லு போன வருசம் நட்டது. தீர்வைக்கு அது சரி. நானும் ஒங்கய்யாவும் காவல் பிரிச்சது அந்தா நிக்கி பாரு, அந்த மரத்த வச்சு. அங்கன நின்னுதான் வெத்தல மாத்திக்கிட்டோம். தடம் மரத்துக்கு இந்தப் பக்கம் கெடக்கு. மாடு என் பொறுப்பு.”

“எனக்குத் தெரியாதே அண்ணாச்சி.”

“ஒனக்கு எப்படித் தெரியும்? சொல்லுததுக்குள்ள ஒங்கய்யா போய்ட்டாரே.”

என் மாடு தப்பியது என்று எனக்குச் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். வீடு போய்ச் சேரும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது.

எட்டு நாள் தேடியும் மாடு கிடைக்கவில்லை. ஒன்பதாம் நாள் பெருமாள் தன் ஒரே ஜோடியில் வலத்து மாட்டை அவிழ்க்கிறார் என்று கேள்விப்பட்டதும் என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. மேலகரத்துக்கு ஓடினேன். பாலம்மாள் வீட்டில் நானே கொண்டுபோய்க் கட்டிவிடுகிறேன் என்று கயிற்றுக்குக் கை நீட்டினேன்.

“விடுலே” என்றார். “கன்னுலருந்து நான் வளத்தது. என் கையாலேயே போகட்டும்.”